சிலையின் காலடியில் யாருக்கு இடம்?

சென்னை மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், கர்னல் ஜேம்ஸ் நீலின் சிலை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றது. 1857 கிளர்ச்சியை அடக்க மதராஸ் படையோடு வடக்கே போன நீல், காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொத்துக் கொத்தாக மக்களைத் தூக்கிலிட்டவர். அதே ஆண்டு லக்னோவில் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர்கள் அவரை மாவீரராகக் கொண்டாடிச் சிலை எழுப்பினார்கள். வடித்தவர் லண்டன் சிற்பி மாத்யூ நோபிள். அந்தச் சாலையில் அன்றாடம் நடந்த கூலிக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் அவர் யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை, அவ்வளவுதான். 1927இல் அது மாறியது. திருநெல்வேலி சோமயாஜுலு முதலானோர் முன்னின்ற போராட்டத்தில் தொண்டர்கள் அணியணியாக வந்து சிலையைத் தாக்கிச் சிறைக்குப் போனார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சிறுவயது மகளையும் அழைத்துக்கொண்டு வந்து கைதானார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த காந்தி போராட்டக்காரர்களைச் சந்தித்து, வன்முறை கலவாமல் நடத்தச் சொன்னார். சிலை அகன்றது பத்தாண்டு கழித்து, 1937இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்த பிறகு. இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

நீல் யார், என்ன செய்தார் என்பது ஊருக்குத் தெரிந்துபோன நாளிலிருந்து மவுண்ட் ரோட்டில் நடப்பதே அந்த மக்களுக்கு அவமானமாயிற்று. சாலையின் அகலம் மாறவில்லை, கடைகள் மாறவில்லை, நிழல் மாறவில்லை. ஆனாலும் அந்தச் சாலை வேறொன்றாகிவிட்டது. பொதுவெளியில் நிற்கும் ஒரு கலைப்பொருள் நகரவாசியின் இட அனுபவத்தை எப்படிப் புரட்டிப்போடும் என்பதற்குச் சென்னையில் இதைவிட வலுவான சான்று கிடையாது என்பது என் எண்ணம்.

நீலுக்கு நேர்ந்தது மன்றோவுக்கு நேரவில்லை. பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த சர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. இன்றும் தீவுத்திடல் அருகே நிற்கிறது. விவசாயியிடம் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு சேர்த்து நினைக்கப்படுபவர் மன்றோ. ராயலசீமைப் பக்கம் அவர் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்கள் உண்டு. அந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று ஆரம்பிக்கும் கதைகளைச் சென்னைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் இன்று அந்தச் சிலையின் கீழே போய் நின்று குதிரையை அண்ணாந்து பார்க்க வேண்டுமென்றால் இருபுறமும் பாயும் வண்டிகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்துச் சாலையைக் கடக்க வேண்டும். நீலை மக்கள் நீக்கினார்கள். மன்றோவை விட்டுவைத்தார்கள், ஆனால் போக்குவரத்து அவரை மக்களிடமிருந்து நீக்கிவிட்டது.

தமிழ்நாட்டில் சிலை என்றதும் எழும் கேள்வி, யாருக்குச் சிலை என்பதுதான். அதைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறோம், வழக்குப் போடுகிறோம், சில சமயம் கல்லெறிகிறோம். வேறு இரண்டு கேள்விகளை நாம் கேட்பதேயில்லை. அந்த இடத்தில் வாழ்கிறவர்களை யாராவது கேட்டார்களா? வைத்த பிறகு அதன் காலடியில் போய் நிற்கவும் உட்காரவும் கூடவும் மக்களால் முடிகிறதா? ஒரு சிலையோ சுவரோவியமோ நகரத்தில் உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் இந்த இரண்டில்தான் தீர்மானமாகிறது. சென்னையின் கடந்த நூறாண்டு வரலாறு முழுக்க இதற்கான ஆதாரங்கள் கிடக்கின்றன.

அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் நகரத்தின் பிம்பம் பற்றி எழுதிய நூல் இத்துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று ஊர்களின் மக்களிடம் பேசி, அவர்கள் தங்கள் ஊரை மனத்துக்குள் எப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் ஆகிய ஐந்தைக் கொண்டு மனிதர்கள் ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். சென்னையில் இதை விளக்க நூல் தேவையில்லை, மாநகரப் பேருந்தில் ஏறினால் போதும். உழைப்பாளர் சிலை, கண்ணகி சிலை, காந்தி சிலை என்று சிலைகளின் பேரிலேயே கடற்கரைச் சாலை மக்கள் மனத்தில் பிரிந்து கிடக்கிறது.

ஆனால் லிஞ்சின் கோணத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஜெமினி பாலத்தை ஒட்டி, திமிறும் குதிரையை ஒரு வீரன் பிடித்து நிறுத்தும் சிலை இருக்கிறது. தி.மு.க. அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நினைவு அது. பந்தயத்தில் சொத்தை இழந்த குடும்பங்களின் கண்ணீர் அந்தச் சிலைக்குப் பின்னால் இருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று சொல்லிவிட்டது. கிண்டியில் பந்தயம் ஓடியது. குதிரையும் வீரனும் பாலத்தடியில் அப்படியே நிற்கிறார்கள். வழிசொல்ல அந்தச் சிலை உதவுகிறது, அது சொல்ல வந்த சேதி யாருக்கும் எட்டவில்லை. அடையாளச் சின்னமாக இருப்பதும் அனுபவமாக இருப்பதும் வேறு வேறு. அருகில் நின்று பேச இடமில்லாத சிலையைப் பற்றி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான இடம் மெரினாவின் வடகோடியில் இருக்கிறது. தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய தினம், அங்கே நிறுவப்பட்டது. வங்காளத்திலிருந்து வந்து சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகி, 1957 வரை அங்கே பணியாற்றியவர் அவர். கே.சி.எஸ். பணிக்கர் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள். சிலையில் நான்கு ஆண்கள் பெரும்பாறை ஒன்றை நகர்த்தப் போராடுகிறார்கள். அரையில் துணி, முறுக்கேறிய முதுகு, நிலத்தில் ஊன்றிய கால். நால்வரில் தலைவர் என்று யாருமில்லை, பேருமில்லை. கைகூப்பி வணங்கவோ மாலை போட்டுப் பதவி கேட்கவோ வாய்ப்பளிக்காத சிலை. பாறை நகர்ந்துவிட்டதா இல்லையா என்பதையும் சிற்பி சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இடம் அறிந்து வடிப்பதில் ராய் சவுத்ரிக்கு நிகரானவர்கள் குறைவு. பாட்னாவில் 1942 ஆகஸ்டில் தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கு அவர் எடுத்த நினைவுச் சின்னம், அதே செயலகத்தின் எதிரிலேயே நிற்கிறது. கொடியோடு முன்னேறுபவனும் விழுகிறவனும் ஒரே கணத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அதை அந்த நகரத்தில் வேறெங்கு வைத்தாலும் பாதி பொருள் போய்விடும். மெரினாச் சிலைக்கும் இப்படியொரு நிலத்தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் ம. சிங்காரவேலர் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. 36 ஆண்டு கழித்து அதே கடற்கரையில் பேர் தெரியாத நான்கு உழைப்பாளிகள் வந்து சேர்ந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சுவரிலும் மே தினச் சுவரொட்டியைப் பாருங்கள், அந்த நால்வரின் உருவ நிழல் அதில் இருக்கும். அரசு வைத்த சிலை ஒன்றைத் தொழிலாளர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆணையும் இதைச் செய்திருக்க முடியாது.

அப்படி எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் சிலையின் அழகு மட்டும் அல்ல. அதன் பின்னால் மணல் இருக்கிறது. காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், குடும்பத்தோடு வந்து உட்கார இந்த நகரத்தில் ஏழைகளுக்கு இருக்கும் ஒரே பெரிய இடம் அந்த மணல். மீனவர்கள், சுண்டல் விற்கும் பிள்ளைகள், பல்கலைக்கழக மாணவர்கள், வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் சிலையைச் சுற்றிப் புழங்குகிறார்கள். குழந்தைக்குக் கைநீட்டிக் காட்டிக் கதை சொல்ல அங்கே அவகாசம் கிடைக்கிறது.

இப்போது ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் மெரினாவில் நாட்கணக்கில் கூடினார்கள். அதன் பிறகு அங்கே போராட்டங்களுக்கு அரசு அனுமதி தருவதில்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. உழைப்பாளிகளின் சிலை இருக்கும் கடற்கரையில் உழைப்பாளிகள் கோரிக்கையோடு கூட முடியாது. சிலையைப் பராமரித்துக்கொண்டே அதன் பொருளைப் பறிப்பது இப்படித்தான் நடக்கிறது. வெண்கலத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிக் கடற்கரையின் முகம் மறுபடி மாறியது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத காலம். அண்ணா முதல்வராகி ஓராண்டுகூட ஆகவில்லை. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. எனப் பத்துச் சிலைகள் வரிசையாக எழுந்தன. இந்த வரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும். கடவுள் இல்லை, அரசன் இல்லை. இலக்கியப் பாத்திரம் ஒருத்தி இருக்கிறாள். தமிழ் படித்த ஐரோப்பியப் பாதிரிமார் மூவர் இருக்கிறார்கள். ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அமைத்த உலாச்சாலை, காற்று வாங்க வந்த ஐரோப்பியர்களின் வசதிக்கு ஏற்றது. அதில் தமிழ் பேசுவதையே ஒரு தகுதியாக நிறுவிக் காட்டியது அந்த வரிசை. பள்ளிப் படிப்பு வாய்க்காத ஒருவர் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்தால், தன் மொழியின் இரண்டாயிரம் ஆண்டு அவர்களோடு கூட வந்தது. மானுடவியலாளர் மேரி ஹான்காக் 2008இல் வெளியிட்ட நூலில் சென்னையின் நினைவிடங்களை அரசியல், வணிகம், நினைவு ஆகியவை மோதும் களமாகப் படிக்கிறார். சரியான வாசிப்புதான். ஆனால் அந்த வரிசை சாமானியருக்குக் கொடுத்த நிமிர்வை அரசியல் ஆதாயம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

அந்த நிமிர்வு எவ்வளவு ஆழமானது என்பது 2001 டிசம்பரில் தெரிந்தது. லாரி ஒன்று கண்ணகி சிலையின் பீடத்தில் மோதியதாகச் சொல்லி, சிலை இரவோடிரவாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. சோதிடக் காரணம் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. சட்டமன்றத்திலும் தெருவிலும் சண்டை நடந்தது. 33 ஆண்டுகள் தினமும் பார்த்தும் பாராமல் கடந்து போனவர்கள், காலியான அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தபடி போனார்கள். ஆட்சி மாறி 2006 ஜூனில் கண்ணகி பழைய இடத்துக்கே திரும்பினாள். ஒரு சிலை நகரத்தின் அனுபவத்தில் எந்த அளவுக்குக் கலந்திருக்கிறது என்பதை அறிய, அது இல்லாமல் போகும் நாளைக் கவனிக்க வேண்டும்.

அதே 2006இல் காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கும் இடத்தில் சிவாஜி கணேசன் சிலை வைக்கப்பட்டது. வாகன ஓட்டிகளின் பார்வையை மறைக்கிறது என்று வழக்கு நடந்து, நீதிமன்ற உத்தரவின் பேரில் 2017 ஆகஸ்டில் அது அடையாற்றில் உள்ள மணிமண்டபத்துக்குப் போனது. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் போக்குவரத்துக்கு இடையூறாகச் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவும் இருக்கிறது. அந்த உத்தரவு தேவையானதே. நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும் சிலை நடக்கிறவருக்கு இடையூறு. ஆனால் வாதங்கள் எல்லாம் வண்டியின் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் சாலையைப் பற்றியே இருந்தன. நடக்கிறவரின் கண்ணுக்கு அந்த முனை எப்படி இருந்தது என்பது பேச்சிலேயே வரவில்லை.

நியூயார்க்கில் நடந்த ஒன்றை இங்கே எடுத்துப் பார்க்கலாம். 1981இல் மன்ஹாட்டன் ஃபெடரல் பிளாசாவில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா ‘டில்டெட் ஆர்க்’ என்ற படைப்பை நிறுவினார். சுமார் 36 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் உயரம் கொண்ட துருப்பிடித்த எஃகுச் சுவர் ஒன்று சதுக்கத்தின் குறுக்கே நின்றது. அரசே பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பு. அங்கே வேலை செய்தவர்கள் சுற்றி நடக்க வேண்டியிருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடம் பறிபோனது என்று புகார்கள் குவிந்தன. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் வைத்திருக்கச் சொன்னார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். இருந்தும் 1989 மார்ச்சில் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள். இந்த இடத்துக்கென்றே செய்ததை நகர்த்துவது அழிப்பதற்குச் சமம் என்றார் செர்ரா. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று கலை உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது முடிவு அல்ல, அந்தப் பொது விசாரணை. 180 பேர் வாய் திறந்து, ஒரு சதுக்கம் தங்களுக்கு என்னவாக இருக்கிறது என்று சொன்னார்கள். அது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் அது நான்காண்டு தாமதமாக வந்த விசாரணை. நிறுவும் முன்பே கேட்டிருந்தால் சிற்பிக்கும் மக்களுக்கும் அந்த இழப்பு நேர்ந்திராது. மெரினாவில் கண்ணகியை வைத்தபோதும் எடுத்தபோதும் திரும்ப வைத்தபோதும் கடற்கரையில் புழங்கும் மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

சிலைகளைப் பற்றிப் பேசும்போது கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கரைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில், சேரியின் முகப்பில், கோட்டும் சூட்டும் அணிந்து கையில் புத்தகத்தோடு, விரலை நீட்டியபடி அம்பேத்கர் நிற்கிறார். சுற்றிலும் இரும்புக் கம்பி, பல இடங்களில் தலைக்கு மேலும் கம்பி. அரசு காசு கொடுக்காமல், கூலி வேலை செய்கிறவர்கள் தாங்களே வசூல் செய்து வைத்த சிலைகள் அவற்றில் நிறைய. மக்களே கேட்டு, மக்களே வைத்த பொதுவெளிக் கலை என்றால் இந்த மாநிலத்தில் முதலில் எண்ண வேண்டியது இவற்றைத்தான். கலை விமர்சனம் எழுதுகிறவர்கள் சிமென்ட்டில் செய்து வண்ணம் பூசிய இந்த உருவங்களை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட ஒரு தெருவின் பிள்ளை, பள்ளிக்குப் போகும் வழியில் தன்னவர் ஒருவர் சட்டம் எழுதிய கையோடு நிமிர்ந்து நிற்பதைத் தினமும் பார்க்கிறது. இட அனுபவம் என்று நூல்கள் சொல்வதன் முழுப் பொருளும் அதில் இருக்கிறது. கூண்டு வேறொன்றைச் சொல்கிறது. சிலையை உடைக்கிறவர்களைத் தடுக்க முடியாத நிர்வாகம், உடைபடக் கூடியவரைச் சிறை வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகும் எல்லோருக்கும் ஊரின் சாதி எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கம்பிகள் காட்டிக்கொடுக்கின்றன.

சிலைகளை விட்டுச் சுவர்களுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னைத் தெருக்களின் உண்மையான ஓவியக்கூடம் சினிமா பேனர்களும் கட்அவுட்டுகளும்தான். சாரத்தில் ஏறி, கட்டம் போட்ட சிறு புகைப்படத்தை நாற்பதடி முகமாகப் பெருக்கிய ஓவியர்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். கன்னத்தில் ரோஜா நிறமும் நெற்றியில் நீல நிழலும் பூசும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. கலை வரலாற்றாளர் பிரெமிந்தா ஜேக்கப் இவர்களைப் பற்றி 2009இல் ஒரு விரிவான ஆய்வு நூலே எழுதியிருக்கிறார். 2000த்துக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு வந்தது. சில ஆண்டுகளில் அந்தத் தொழில் சரிந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2008இல் சென்னையின் ராட்சத விளம்பரப் பலகைகள் இறக்கப்பட்டபோது பல சாலைகளில் வானம் மறுபடி தெரிந்தது. ஃப்ளெக்ஸ் மட்டும் அடங்கவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகுதான் கெடுபிடி வந்தது.

2009, 2010 ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி முக்கியச் சாலைகளின் மதில்களில் சுவரொட்டியைத் தடைசெய்து, தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. வேலை இழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அந்த ஓவியங்களின் நோக்கம் சுவரை அசுத்தத்திலிருந்து காப்பது. தொடர்ந்து பார்த்தால் கோயில் கோபுரம், பரதநாட்டியம், ஏர் உழவன் என்று எல்லாச் சாலையிலும் ஒரே காட்சிகள்தான். இந்தச் சுவர் எந்தத் தெருவில் இருக்கிறது, இதன் பின்னால் யார் வாழ்கிறார்கள் என்ற நினைவே அவற்றில் இல்லை. வண்ணம் பூசிய மதில் மதிலாகவே நின்றது.

2020 தொடக்கத்தில் வந்த அலை வேறு வகை. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் வண்ணத்தோடு, இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பில் மாபெரும் முகங்களை வரைவித்தது. ஏ-கில், கத்ரா என்ற புனைபெயர்களில் இயங்கும் ஓவியர்கள் வரைந்தார்கள். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் தெற்கு ரயில்வேயும் சேர்ந்திருந்தன. வரையப்பட்ட முகங்களில் சிலர் எச்ஐவி தொற்றோடு வாழ்கிறவர்கள். யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் ஓவியத்தின் சேதி. தினசரி ரயில் ஏறுகிறவர் தன்னைப் போன்ற முகங்களைக் கட்டடத்தின் உயரத்தில் பார்க்கிறார். அதுவரை நாற்பதடி முகம் நடிகருக்கும் தலைவருக்கும் மட்டுமே உரியதாக இருந்த ஊரில் இது பெரிய மாற்றம். இடத்துக்கும் படத்துக்கும் பொருத்தம் இருந்ததால் இது வெற்றி பெற்றது என்று சொல்வேன்.

அதே அமைப்பும் அதே நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து, அதே சமயத்தில் கண்ணகி நகரில் ‘கலை மாவட்டம்’ ஒன்றைத் தொடங்கின. இதைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகளிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் குடிசை மாற்று வாரியம் 2000 முதல் பழைய மாமல்லபுரம் சாலையோரம் குடியேற்றிய இடம் அது. எழில் நகரையும் சேர்த்தால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்க காலத்து வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. வேலை செய்த இடங்களிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி வந்ததில் வீட்டு வேலை செய்த பெண்களும் மீன் விற்றவர்களும் சம்பாத்தியத்தை இழந்தார்கள். பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. வீட்டு, நில உரிமைக்கான ஆய்வு அமைப்புகள் 2014இல் இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல் பேர் கெட்டுப்போனது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘கண்ணகி நகர்’ என்ற முகவரியை மறைக்க வேண்டிய நிலை வந்தது.

அந்த அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் இந்திய ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் பெரிய படங்கள் வரைந்தார்கள். வீடு முழுக்கச் சுண்ணாம்பு மங்கிக் கிடக்கும் இடத்தில் நிறம் ஒரு சந்தோஷம், அதை மறுக்கிறவர் அங்கே வாழாதவர். இதுவரை குற்றச் செய்திக்காக மட்டுமே அங்கே வந்த நிருபர்கள் ஓவியத்தைப் பற்றி எழுத வந்தார்கள். முகவரியின் களங்கத்தைக் குறைக்க அது ஓரளவு உதவியிருக்கும். ஆனாலும் படங்கள் யாரை நோக்கி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். கட்டடத்தின் வெளிச்சுவரை வண்டியில் வருகிறவர் பார்க்கிறார், கேமராவோடு வருகிறவர் பார்க்கிறார். உள்ளே குடியிருப்பவர் தினமும் பார்ப்பது மாடிப்படியையும் ஒழுகும் குழாயையும் குறுகிய சந்தையும்தான். அமெரிக்க அறிஞர் ரோசலின் டாய்ச்சி 1996இல் எழுதிய நூலில், வீடிழந்தவர்களை நகரத்தின் பார்வையிலிருந்து நகர்த்தும் அதே காலத்தில் பொதுவெளிக் கலை எப்படி அந்த இடங்களுக்கு அழகு சேர்க்க அழைக்கப்படுகிறது என்று நியூயார்க்கை வைத்துக் காட்டினார். சென்னையில் வெளியேற்றப்பட்டவர்களின் சுவரிலேயே அழகு வந்து அமர்ந்திருக்கிறது. அவர்கள் முன்பு வாழ்ந்த ஆற்றங்கரையில் அவர்கள் இருந்ததற்கு ஓர் அடையாளக் கல்கூட இல்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகரின் கார்த்திகா ஆடினார். அந்த நாட்களில் ஊர் முழுக்க அந்தக் குடியிருப்பின் பேரைப் பெருமையோடு உச்சரித்ததைக் கேட்டோம். சுவரோவியங்கள் ஐந்தாண்டாகச் செய்ய முயன்றதை ஒரு பெண்ணின் ஆட்டம் ஒரு வாரத்தில் செய்தது. அவர் பயிற்சி எடுத்தது அந்தக் குடியிருப்பில் கிடைத்த திறந்தவெளியில். சுவருக்கு வண்ணம் கொடுப்பவர்கள் சுவருக்கு முன்னால் இருக்கும் நிலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

நிலத்தையும் மக்களையும் முதலில் வைத்துக் கலையைக் கொண்டு வந்த முயற்சிகளும் இங்கே உண்டு. 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவில், பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய மீனவர் குப்பத்தின் நடுவே கர்னாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மேடையேறின. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தினார்கள். அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு குப்பத்துக்குள் கால் வைத்திராத பலர் அன்று உள்ளே வந்து மணலில் உட்கார்ந்தார்கள். ஈராண்டுக்கொரு முறை நடக்கும் சென்னைப் புகைப்படக் கண்காட்சி 2016இல் தன் முதல் பதிப்பைத் தொடங்கியது. அதற்கு அது தேர்ந்த இடங்களில் பூங்காக்களும் பறக்கும் ரயில் நிலையங்களும் இருந்தன. டிக்கெட் எடுக்க வந்தவர் படம் பார்த்துவிட்டுப் போனார். சிலை போல நிலைத்து நிற்காவிட்டாலும், ஓர் இடத்துக்குள் நுழையும் துணிவையும் உரிமையையும் இவை கொடுத்தன.

இப்போது சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காகப் புதிய நிலையங்கள் எழுந்து வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு முற்றமும் நீண்ட சுவர்களும் வரப்போகின்றன. அங்கே என்ன வரைவது, எதை வைப்பது என்று விரைவில் யாரோ சிலர் ஓர் அறைக்குள் முடிவெடுப்பார்கள். தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. குடிநீர், தெருவிளக்கு, குப்பை பற்றி அங்கே பேசுகிறோம். சிலைக்கும் சுவரோவியத்துக்கும் பொதுப்பணமோ பொது நிலமோ போகுமானால் அவையும் அங்கே பேசப்பட வேண்டும். வரையப் போகும் ஓவியர் அந்தக் கூட்டத்துக்கு வந்து உட்கார வேண்டும். ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு அதன் கீழே நிழலுக்கும் திண்ணைக்கும், இன்னொரு பங்கு பத்தாண்டுப் பராமரிப்புக்கும் போக வேண்டும். உங்கள் வட்டத்தில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். போய், உங்கள் தெருமுனையில் எது நிற்க வேண்டும், அதன் அருகில் யாரெல்லாம் உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள்.